தாயிழந்த யானைக்கன்றுகள் ஒன்றையொன்று எப்படித் தேற்றிக்கொள்கின்றன?

தாயை இழந்து மீட்கப்பட்ட யானைக்கன்றுகள் காப்பகத்தில் பொழுதை எப்படிக் கழிக்கின்றன? ரத்த உறவில்லாத கன்றுகளுக்குள் உண்மையிலேயே பாசம் வருமா? மனிதர் கையால் பால் குடித்து வளர்ந்த யானை மறுபடி காட்டு யானையாக வாழ முடியுமா? இந்த மூன்று கேள்விகளும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன, பதிலும் சேர்ந்தேதான் வரும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கன்றின் வயிற்றை நிரப்புவது பால். அந்தப் பாலைக் குடித்து உயிரோடு இருக்கலாம் என்ற எண்ணத்தை அதற்குக் கொடுப்பது, பக்கத்தில் வந்து நிற்கும் இன்னொரு கன்று.

பேச்சைப் பெரும்பாலும் கென்யாவை ஒட்டியே வைத்துக்கொள்கிறேன். தாயிழந்த ஆப்பிரிக்க யானைக்கன்றுகளை வளர்த்துக் காட்டில் விடுவதில் நீண்ட அனுபவம் அங்கே சேர்ந்திருக்கிறது. கன்றுகள் தனித்துப்போகும் காரணங்களையும் அங்கே எல்லா வகையிலும் பார்க்கலாம். தந்தத்துக்காகத் தாய் சுடப்படும். விளைநிலத்தில் மனிதரோடு ஏற்படும் மோதலில் ஈட்டியோ அம்போ பட்டுச் சாகும். வறட்சியில் பால் வற்றித் தாயே விழுந்துவிடும். சில வேளை கால்நடைகளுக்காகத் தோண்டிய கிணற்றில் கன்று விழுந்துவிடும். தூக்க முடியாத கூட்டம் கடைசியில் அதை விட்டுப் போய்விடும்.

யானைக்கன்று 22 மாதம் வயிற்றில் இருந்து, ஏறத்தாழ 100 கிலோ எடையோடு பிறக்கிறது. உருவத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. முதல் 2 ஆண்டுகளில் பால் இல்லாமல் அது பிழைப்பது மிக அரிது. தும்பிக்கையை என்ன செய்வதென்றுகூட முதல் சில மாதங்கள் அதற்குப் புரியாது. ஆட்டும், சப்பும், தானே மிதித்துக்கொள்ளும். பசும்பாலின் கொழுப்பு அதன் குடலுக்கு ஒத்துவராது. சாவோ கிழக்குத் தேசியப் பூங்காவின் காப்பாளராக இருந்த டேவிட் ஷெல்ட்ரிக்கின் மனைவி டாஃப்னி ஷெல்ட்ரிக், எத்தனையோ கன்றுகளைப் பறிகொடுத்து, பல ஆண்டுகள் மாற்றி மாற்றிப் பார்த்து, கடைசியில் தேங்காய் எண்ணெய் சேர்ந்த பால்மாவில் விடை கண்டார். பச்சிளங்கன்றுகள் பிழைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

அப்படிப் பிழைத்தவற்றில் ஒன்றின் பெயர் ஆயிஷா. 1970களில் நடந்தது இது. ஆயிஷா டாஃப்னியையே தாயாக எண்ணி ஒட்டிக்கொண்டது. மகளின் திருமணத்துக்காக அவர் சில நாள் வெளியே போக வேண்டியிருந்தது. பால் இருந்தது, அதே கலவை. கொடுக்க ஆளும் இருந்தது. ஆயிஷா குடிக்கவில்லை. அவர் திரும்பி வந்தும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. யானைக்கன்று வளர்ப்பில் இன்றுவரை உள்ள முதல் விதி அந்தச் சாவிலிருந்து வந்தது: எந்தக் கன்றும் ஒரே மனிதரை நம்பி இருக்கக் கூடாது. டேவிட் 1977இல் இறந்தபின் அவர் நினைவாகத் தொடங்கிய அறக்கட்டளை, நைரோபி தேசியப் பூங்காவுக்குள் கன்றுகளுக்கான வளர்ப்பகம் ஒன்றை நடத்துகிறது. அங்கே பராமரிப்பாளர்கள் ஒரு குழுவாக வேலை செய்கிறார்கள். இன்றிரவு ஒரு கன்றோடு படுப்பவர் நாளை இன்னொன்றோடு படுப்பார். கன்றுக்கு மனிதர்கள் பலர். ஒருவர் விடுப்பில் போனால் உலகம் இடிந்துவிடாது.

மீட்டு வந்த முதல் நாட்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் நினைப்பது போல அது நெகிழ்ச்சியான காட்சியாக இருக்காது. தாயைக் கொன்றது மனிதன் என்பதைக் கண்ணால் பார்த்த கன்று, காப்பாற்ற வந்த மனிதனையும் முட்டித் தள்ளத்தான் பார்க்கும். கொட்டிலின் பலகைகளில் மோதும், இரவெல்லாம் கத்தும், புட்டியை உதறும். பிறகு ஓய்ந்து ஒரு மூலையில் தலைகவிழ்ந்து நிற்கும். அனுபவமுள்ளவர்கள் அந்த ஆவேசத்தைவிட இந்த அமைதிக்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள். இந்த நேரத்தில் அவர்கள் செய்யும் காரியம் எளியது: ஏற்கெனவே அங்கே வளரும் கன்றுகளைப் பக்கத்தில் விடுவது. அவை பலகை இடுக்கு வழியாகத் தும்பிக்கையை நீட்டிப் புதிதாக வந்ததன் முகம், வாய், காதோரம் எல்லாம் தடவும். அடித்தொண்டையிலிருந்து தாழ்ந்த குரலில் முழங்கும். புட்டியிலிருந்து பால் குடிப்பது எப்படி என்று அதன் கண்ணெதிரிலேயே குடித்துக் காட்டும். மனிதர் நாள்கணக்கில் கெஞ்சியும் நடக்காதது, இன்னொரு கன்று வந்து நின்றதும் நடந்துவிடுவது உண்டு. எல்லாக் கன்றும் தேறிவிடுவதில்லை. பட்டினி, நிமோனியா, காயம் என்று ஏற்கெனவே நலிந்து வந்தவற்றில் சில போய்விடும்.

யானைகள் ஒன்றையொன்று தேற்றும் என்பதை வெறும் கண்பழக்கமாக மட்டும் சொல்லவில்லை. தாய்லாந்தில் ஆசிய யானைகளைக் கவனித்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, கலங்கிய யானையிடம் மற்ற யானைகள் வந்து தும்பிக்கையால் தொடுவதையும் குரல் கொடுப்பதையும் பதிவு செய்தது. கலங்கிய யானையின் வாய்க்குள் தும்பிக்கை நுனியை வைப்பது அவற்றின் வழக்கம். கடிபடக்கூடிய இடத்தில் தன் தும்பிக்கையை ஒப்படைக்கும் செயல் அது. காப்பகத்துக் கன்றுகள் இதையே யாரும் கற்றுத்தராமல் செய்கின்றன.

இனி அன்றாடம். விடிந்ததும் கொட்டில்கள் திறக்கும். வெளியே வரும் கன்றுகள் முதலில் செய்வது ஒன்றையொன்று தேடிப் போவது. முகர்வதும் தடவுவதும் முடிந்தபின் பராமரிப்பாளர்களோடு காட்டுக்குள் இறங்கும். பகல் முழுக்க மேய்ச்சல்தான்: இலை, பட்டை, புல், வேர். எதைத் தின்னலாம் என்பதைப் பெரிய கன்றின் வாயிலிருந்து பிடுங்கிப் பார்த்தே சின்னது கற்கிறது. மூத்த யானைகளின் லத்தியையும் தின்னும். கேட்பவர்களுக்கு அருவருப்பாக இருக்கலாம், ஆனால் தாவரத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் கன்றின் குடலுக்கு அப்படித்தான் போய்ச் சேர்கின்றன.

சின்னக் கன்றுகளுக்கு 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவிலும். குடிக்கும்போது தும்பிக்கையைத் தாயின் வயிற்றில் சாய்த்து வைப்பது கன்றின் இயல்பு. சாய்க்க ஏதுமில்லாவிட்டால் சில கன்றுகள் குடிக்காது. அதற்காக மரங்களுக்கிடையே கம்பளியைத் தொங்கவிட்டு, அதன் பின்னாலிருந்து புட்டியை நீட்டுவார்கள். கன்றுக்கு முன்னால் சாம்பல் நிறத்தில் அகலமாக ஒன்று இருக்கிறது, தும்பிக்கை அதில் பதிகிறது, பால் வருகிறது. அவ்வளவு போதும் அதற்கு. தாயின் காலடி நிழலும் இல்லையென்பதால் பச்சிளங்கன்றின் காதுக்கு வெயில் தாங்கும் பசை பூசுவதும், குளிருக்குப் போர்வை கட்டுவதும், மழைக்கு உறை மாட்டுவதும் உண்டு. ஒரு யானைத் தாய் வெறுமனே நிற்பதாலேயே எத்தனை வேலை செய்கிறாள் என்பது இந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

உச்சிவேளைக்கு முன் சேற்றுக் குளியல். வெயிலிலிருந்தும் பூச்சியிலிருந்தும் தோலைக் காக்கிறது என்று சொல்லலாம், உண்மைதான். ஆனால் அந்த நேரத்தின் பெரும்பகுதி விளையாட்டு. ஒன்றன்மேல் ஒன்று விழும், ஏறும், வழுக்கும். ஆண் கன்றுகள் நெற்றியோடு நெற்றி வைத்துத் தள்ளிப் பலம் பார்க்கும். பெண் கன்றுகளில் சற்று மூத்தது சண்டை முற்றும்போது நடுவில் புகுந்து பிரித்துவிடும்.

பொழுது சாயும்போது எல்லாம் திரும்பி வரும். ஒவ்வொன்றுக்கும் தன் கொட்டில் தெரியும். சின்னவற்றோடு பராமரிப்பாளர் ஒருவர் மேலே பலகைப் படுக்கையில் படுத்துக்கொள்வார். பால் நேரம் வந்துவிட்டால் கன்று அவர் போர்வையை இழுத்து எழுப்பும். கெட்ட கனவு கண்டதுபோல நள்ளிரவில் கத்திக்கொண்டு எழும் கன்றுகளைப் பற்றி அந்த வேலை செய்தவர்கள் தொடர்ந்து சொல்லிவந்திருக்கிறார்கள். அப்போது கீழே இறங்கி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வதைத் தவிர வேறு மருந்து இல்லை.

பாசம் வருமா என்ற இரண்டாவது கேள்விக்கு, தமிழில் நமக்கு ஒரு அருமையான சொல் கையில் இருக்கிறது: செவிலித்தாய். யானைக் கூட்டத்தில் பெற்ற தாய் ஒருத்தி, செவிலிகள் பலர். அக்கா, சித்தி, பெரியம்மா மகள் என்று இளம் பிடிகள் கன்றைச் சுற்றி நிற்கும். விழுந்தால் தூக்கும், வழிதவறினால் ஓடிப்போய்க் கூட்டி வரும். கென்யாவின் அம்போசெலியில் சின்தியா மாஸ் 1972இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வில், ஃபிலிஸ் லீ இந்தச் செவிலிகளை நுணுக்கமாகக் கவனித்தார். செவிலிகள் அதிகமுள்ள குடும்பத்தில் கன்றுகள் பிழைப்பதும் அதிகம் என்று தெரியவந்தது.

அந்த உந்துதல் காப்பகத்திலும் அப்படியே இருக்கிறது. 2 வயதுகூட நிரம்பாத பெண் கன்று, கைக்குழந்தையான ஒன்று வந்ததும் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளும். யார் பக்கத்தில் நிற்பது என்று இரண்டு பெண் கன்றுகளுக்குள் போட்டி வந்து தள்ளுமுள்ளு நடக்கும். பால் மறந்த ஏக்கத்தில் சின்னது பெரியதன் காது மடலைச் சப்பும். பெரியது அசையாமல் நின்று கொடுக்கும். பொறாமையும் இதற்குள்தான் இருக்கிறது. நேற்றுவரை செல்லமாக இருந்தது, புதிதாக வந்ததை யாரும் பார்க்காதபோது ஒரு இடி இடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோலப் போகும். தண்டனையாகக் கூட்டத்திலிருந்து சிறிது நேரம் விலக்கி நிறுத்தினால் அதற்கு உறைக்கும். அடியைவிடத் தனிமை அதற்குப் பெரிய தண்டனை, அதனால் அதையும் மிகக் குறைவாகவே செய்ய வேண்டும்.

இவற்றை நான் உண்மையான உறவு என்றே சொல்வேன். பிரிவு வரும்போது அது தெளிவாகத் தெரியும். 2, 3 வயதானதும் கன்றுகள் நைரோபியிலிருந்து சாவோ பகுதியில் உள்ள வோய், இதும்பா, அல்லது கிப்வேசி காட்டில் உள்ள உமானி ஆகிய இடங்களுக்கு மாற்றப்படுகின்றன. ஒன்றை மட்டும் தனியாக அனுப்பாமல், நெருங்கிய கூட்டாளிகளைச் சேர்த்து இரண்டு மூன்றாக அனுப்புவது வழக்கம். லாரியில் ஏறிப் பால் குடிக்க முன்கூட்டியே பழக்குவார்கள். பழகிய பராமரிப்பாளர்களும் கூடவே போவார்கள். அப்படியும், விட்டுப்போனவற்றைத் தேடி மீதிக் கன்றுகள் சில நாள் அமைதியிழந்து திரியும். மூத்த செவிலி போய்விட்டால் அடுத்து யார் தலைமை என்பது தெளிய நாளாகும்.

இதும்பாவில் போய் இறங்கும்போது நடப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அங்கே இருப்பவை எல்லாம் ஒருகாலத்தில் அதே நைரோபிக் கொட்டில்களில் படுத்தவை. புதிதாக வந்தவற்றை மொய்த்துக்கொண்டு முகரும், தடவும், முழங்கும். சாவோவின் செம்மண் பட்டு அவை செங்கல் நிறத்தில் இருக்கும்; வந்தவை சாம்பலாக இருக்கும். சில நாளில் நிறமும் ஒன்றாகிவிடும். தண்ணீருக்கு வரும் பெரிய காட்டுக் களிறுகளைக் கன்றுகள் முதன்முதலில் பார்ப்பதும் இங்கேதான். வளர்ந்து காட்டுக்குப் போய்விட்ட முன்னாள் கன்றுகளும் அடிக்கடி வரும். அவற்றில் சில, கொட்டிலில் இருக்கும் இளசு ஒன்றின் மேல் ஆசைப்பட்டு, மாலையில் அதைத் தங்களோடு அழைத்துப்போய்விடும். போனது இரண்டு மூன்று இரவு கழித்துத் தானே திரும்பி வரும், அல்லது கொண்டுவந்து விடப்படும். கதவை யாரும் ஒரே நாளில் திறந்துவிட்டு 'போ' என்பதில்லை. எப்போது போவது என்பதை யானையே முடிவு செய்கிறது. அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். கன்றுகள் ஒன்றுக்கொன்று ஆறுதல் தரும். மூத்தவர்கள் தருவதை அவற்றால் தர முடியாது. கென்யாவின் சம்புருவில், மனித வளர்ப்பில் இல்லாமல் காட்டிலேயே வாழும் தாயிழந்த இளம் பிடிகளைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு, அவை முதிர்ந்த பிடிகளோடு பழகும் வாய்ப்பு குறைந்து, தம் வயதொத்தவற்றோடு ஒட்டிக்கொள்வதைக் காட்டியது. தாய் இருந்திருந்தால் பெரியவர்கள் வட்டத்துக்குள் அவளே கூட்டிப்போயிருப்பாள்.

தென்னாப்பிரிக்காவில் இதன் கொடிய வடிவம் வெளிப்பட்டது. க்ரூகர் பூங்காவில் எண்ணிக்கையைக் குறைக்கப் பெரிய யானைகளைச் சுட்டுவிட்டு, மிஞ்சிய கன்றுகளைப் பிலானெஸ்பெர்க் என்ற இன்னொரு பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். மூத்த களிறுகளே இல்லாமல் வளர்ந்த ஆண் யானைகளுக்கு மிக இளம் வயதிலேயே மதம் பிடித்தது, நீண்டு நீடித்தது. 1990களில் அவை 40க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998இல் க்ரூகரிலிருந்து 6 பெரிய களிறுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளையவற்றின் மதம் அடங்கியது, கொலைகளும் நின்றன. அந்த இளங்களிறுகளைப் பொல்லாதவை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெற்றோர் கண்ணெதிரில் சாவதைப் பார்த்துவிட்டு, தட்டிக்கேட்க யாருமில்லாமல் வளர்ந்தவை அவை. இதும்பாவில் காட்டுக் களிறுகள் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க வந்து, இளம் ஆண்கள் அவற்றின் பின்னால் பணிந்து நடக்கப் பழகுவது ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இதை அறிந்தால் புரியும். ஆண் யானை பதின்வயதில் பிறந்த கூட்டத்தை விட்டு எப்படியும் விலகும். அப்போது பின்தொடர ஒரு பெரியவர் வேண்டும்.

மனிதர் இவ்வளவு நெருங்கலாமா என்றும் கேட்பார்கள். இலங்கையில் வேறு வழி இருக்கிறது. 1995இல் தொடங்கிய உடவளவை யானைகள் இடைத்தங்கல் முகாமில் மனிதர் அணைத்துப் படுப்பதெல்லாம் இல்லை. பால் நேரத்துக்குக் கன்றுகள் வரும், புனல் வழியாகக் குழாயில் பால் இறங்கும், குடித்துவிட்டுத் தங்கள் கூட்டத்தோடு மேயப் போய்விடும். ஏறக்குறைய 5 வயதில் கூட்டாளிகளோடு சேர்த்தே உடவளவைக் காட்டில் விடப்படுகின்றன. அப்படி 100க்கும் மேற்பட்டவை போயிருக்கின்றன. இரண்டு வழிமுறைகளும் பலன் தருகின்றன என்றால், பொதுவாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் கன்று கன்றுகளோடு வளர்கிறது, கன்றுகளோடு வெளியேறுகிறது. பச்சிளங்கன்றுகள் அதிகம் வரும் இடத்தில் மனித அணைப்பு தவிர்க்க முடியாதது என்பது என் எண்ணம். ஓரளவு வளர்ந்தது வந்தால் உடவளவை போலக் கொஞ்சம் தள்ளி நிற்பதே நல்லது. ஆனால் நாள் முழுக்கப் பயணிகள் வந்து தொட்டு, குளிப்பாட்டி, படமெடுத்துக்கொள்ளும் இடங்களை நான் இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். அங்கிருந்து எத்தனை யானை காட்டுக்குத் திரும்பியது என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும்.

கடைசிக் கேள்வி, திரும்ப முடியுமா? முடியும், சான்றுகள் பெயரோடு இருக்கின்றன. 1960களில் சாவோவுக்கு வந்த எலினார் என்ற பிடி, பின்னால் வந்த கன்றுகளுக்கெல்லாம் செவிலியாக இருந்து, பல ஆண்டுகளுக்குப் பின் காட்டுக் கூட்டத்தோடு போய்விட்டது. 1990களில் மீட்கப்பட்ட எமிலி வோயில் கன்றுகளுக்குத் தலைவியாகி, 2008இல் ஈவ் என்ற கன்றை ஈன்றது. இதும்பாவின் முலிகாவுக்கு 2011இல் ம்வெண்டே பிறந்தது. அடுத்த ஆண்டு யாட்டாவுக்கு யேட்டு. அதற்குப் பின் இப்படிக் காட்டில் பிறந்தவை பத்துக்கணக்கில் பெருகிவிட்டன.

காட்டுக்குப் போனவை மனிதரை மறந்துவிடுவதில்லை. கண்ணியிலோ அம்பிலோ காயம்பட்டால் கொட்டிலைத் தேடி வந்து நிற்கும். கன்று ஈன்றால் சில நாளிலேயே அதையும் கூட்டிக்கொண்டு வரும். காட்டுத் தாயிடம் அந்த நேரத்தில் யாரும் நெருங்க முடியாது. இவை பழைய பராமரிப்பாளர்களை அருகே விடும், பிறந்த கன்றைத் தொட்டுப் பார்க்கவும் விடும். சுற்றி நிற்கும் இரண்டு மூன்று இளம் பிடிகள் மட்டும் கொஞ்சம் பதறும், கன்றைத் தங்கள் கால்களுக்கு நடுவே இழுத்துக்கொள்ளும். அந்தச் செவிலிகளும் நைரோபியில் கம்பளியில் தும்பிக்கையைச் சாய்த்துப் பால் குடித்து வளர்ந்தவைதான்.